வலது பக்கத்தில் இல்லாத படிக்கட்டு

எங்கள் ஊரில் ஒருவன் மூழ்கிச் சாக வேண்டுமென்றால் வெளியூருக்குத்தான் போக வேண்டும். பாலாற்றில் பால் ஓடவில்லை என்பதை விடுங்கள், தண்ணீரே ஓடியதில்லை. மணல் இருந்தது. அதையும் லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆம்பூரில் பிறந்த ஒருவனுக்குத் தண்ணீர் பயம் வருகிறது என்றால் அவன் அதைக் கஷ்டப்பட்டுத் தேடித்தான் போயிருக்க வேண்டும். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒன்பது வயதில், வெள்ளிக்கிழமை தோறும், போன் வழியாக வீட்டுக்கே வந்தது.

இன்றைக்கு என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கடலை விட்டு எப்போதோ போய்விட்ட பெரிய பயணிகள் கப்பல்களின் மேல்தளத்தில் எது எங்கே இருந்தது என்று துப்பறிவதுதான் என் ஓய்வு நேர வேலை. ஒரு பக்கம் வரைபடம், ஒரு பக்கம் பழைய புகைப்படம், நடுவில் நான். காற்றுக்குழாய் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, பெஞ்சு சுவரை ஒட்டியா தள்ளியா, பலகை போட்டது நீளவாக்கிலா குறுக்குவாக்கிலா. சின்னக் கப்பல் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ கேட்பார்கள். நானும் பெரிய மாலுமி மாதிரி பதில் எழுதுவேன். நான் ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை என்பதை அவர்கள் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை. ஆலங்காயம் மலைப் பாதையில் பஸ் இரண்டு வளைவு திரும்பினாலே எனக்கு ஜன்னல் சீட்டு அவசரமாகத் தேவைப்படும்.

இந்த வேலையை நான் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. பயந்துபோய்த் தொடங்கினேன்.

அப்பா தோலில் சோபா தைக்கிறவர். ஊரே காலுக்குத் தைக்கும்போது அண்ணன் மட்டும் வேற இடத்துக்குத் தைக்கிறார் என்று சித்தப்பா கேலி செய்வார். சித்தப்பா ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஷூவின் ஒவ்வொரு துண்டும் எந்த வடிவத்தில் வெட்டப்பட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. அம்மா அதே கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். காலையில் கம்பெனி வண்டி வந்து இருவரையும் அள்ளிக்கொண்டு போகும்.

வளைகுடாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் மிகப் பழைய பயணிகள் கப்பல் ஒன்றை நிரந்தரமாகக் கட்டிப்போட்டு ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று புகைபோக்கி வைத்த கப்பல். அதன் பெயரை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னோம், அதனால் இங்கே எழுதாமல் விடுகிறேன். அதன் கூடங்களில் இருந்த நாற்காலிகளுக்கெல்லாம் புதுத் தோல் போட ஆள் தேவைப்பட்டது. ஏஜென்ட் ஒருவர் அப்பாவை அனுப்பி வைத்தார்.

கிளம்பும் நாளில் நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லையாம். பெட்டியோடு என்னையும் எடை போட வேண்டியிருக்கும் போல என்று சித்தப்பா சொன்னாராம். அப்பா உட்கார்ந்து என்னிடம், "டேய், நான் இன்னா சும்மா ஊருக்கா போறேன்? கப்பல்ல தங்கப் போறேன்டா. ஜன்னல தொறந்தா கடலு" என்றார். நான் காலை விட்டேன். கப்பலில் தங்கும் அப்பா என் வகுப்பில் யாருக்கும் கிடையாது.

பெருமை ஒரு வாரம் தாங்கியது. அதற்குள் அத்தை மகள் வந்துவிட்டாள்.

அத்தை வீடு அடுத்த தெரு. அவள் என்னைவிட மூன்று வகுப்பு பெரியவள். யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வருவாள். பெரிய கப்பல் மூழ்கும் சினிமா ஒன்றை டிவியில் பார்த்திருந்தாள்.

"உங்கப்பா கப்பல் எவ்ளோ பெருசுடா?"

"ரொம்பப் பெருசு. நம்ம பஸ் ஸ்டாண்டு அளவு."

"அப்ப மூழ்கிடும்," என்றாள் வருத்தத்தோடு. "சின்னதுதான் மிதக்கும். பெருசுன்னா வெயிட்டு ஜாஸ்தி."

"அது கட்டிப் போட்ட கப்பல்."

"கட்டிப் போட்டா இன்னும் மோசம். ஓடிப்போகக்கூட முடியாதே."

இதற்கு என்ன சொல்வது என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து தண்ணீர் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டேன். மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம், பள்ளிக்கூடக் குழாயில் காற்றோடு வரும் தண்ணீரின் இருமல், அம்மா அரிசி களையும் சத்தம். குளிக்கும்போது கண்ணை மூடித் தலையில் சொம்பு கவிழ்த்தால் அப்பா அப்படித்தான் இருப்பார் என்று தோன்றும், உடனே கண்ணைத் திறந்துவிடுவேன். அதனால் சோப்பு முழுக்கக் கண்ணில்தான் போனது. விடிந்தால் பாய் நனைந்திருக்கும். மொத்தக் குடும்பத்தில் உண்மையாகவே மூழ்கிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினாள். கயிறும் நனைந்தது. கடைசியில் சித்தப்பா, "அண்ணி, இவனுக்கு அந்தக் கப்பல்ல எத்தன படகு இருக்குதுன்னு காட்டிட்டா சரியாய்டும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து சித்தப்பா ஒரு பெரிய காகிதச் சுருளோடு இறங்கினார். ஷூ வடிவங்களை அச்சடிக்கும் பெரிய பிளாட்டரில், சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல், அப்பாவின் கப்பலை அச்சடித்துவிட்டார். தரையில் விரித்தோம். வாசலில் தொடங்கிய கப்பல் அடுப்பங்கரை வரை போனது. அம்மா தாண்டித் தாண்டி நடந்தாள்.

எவ்வளவு அழகாக இருந்தது! ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு கதவும், படிக்கட்டுகளின் சின்னச் சின்னக் கோடுகளும். ஓரத்தில் வரிசையாக உயிர்காக்கும் படகுகள், வேர்க்கடலை மாதிரி. எண்ணினேன். போதும் போல இருந்தது. அன்றைக்குப் பாய் நனையவில்லை.

ஒரே ஒரு சங்கதி. பழைய வரைபடத்தைப் படம் எடுத்து இணையத்தில் போட்ட மகராசன், மடித்த காகிதத்தை முழுக்கப் பிரிக்காமலே எடுத்திருந்தான். கப்பலின் இடது பாதி தெளிவாக இருந்தது. வலது பாதி மடிப்புக்குள் போய்விட்டது.

"அப்ப இந்தப் பாதி?" என்று கேட்டேன்.

சித்தப்பா சிரித்தார். "இடது கால் வந்துட்டா வலது கால் வந்த மாதிரிதான்டா. நாங்க இன்னா ரெண்டு தடவையா வரையறோம்? ஒண்ண வரைஞ்சு அப்டியே திருப்பிப் போடுவோம். இதையும் அப்டித்தான் போட்டுட்டேன், பாரு."

பார்த்தேன். கப்பல் முழுசாகத்தான் இருந்தது. நடுக்கோட்டில் மடித்தால் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. ஆம்பூரில் வாழ்கிற யாருக்கும் இதில் சந்தேகம் வந்திருக்காது. எங்கள் ஊரில் எதுவும் ஜோடியாகத்தான் உற்பத்தி ஆகும்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டதும் முதல் கேள்வி: "அப்பா, உன் ரூம் எங்க?"

"எதுக்குடா?"

"பிளான்ல குறிக்கணும்."

"இன்னா பிளானு?"

"கப்பல் பிளான். சித்தப்பா கொண்டாந்தாரு. எல்லா ரூமும் இருக்குது. உன்னோடது எது?"

போனில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மேலதான்டா... படகு இருக்குதே, அந்தத் தளம். வலது பக்கம். நடுவுல" என்றார்.

தோலில் கோடு போடுகிற சில்வர் பேனாவால் நடுவில் ஒரு அறையை வட்டம் போட்டேன். அறையிலிருந்து படகு வரை பாதை வரைந்தேன். கதவைத் திறந்து வலது கைப் பக்கம் திரும்பணும், இரண்டு கதவு தாண்டணும், தலைக்கு மேல் தொங்கும் படகுக்கு வெளிப் படிக்கட்டில் ஏறணும். தினமும் வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பாதையில் நடந்து பார்த்தேன், கரண்ட் போனாலும் அப்பா போகணுமே. அடுப்பங்கரைக் கதவில் நெற்றி இடிக்கும் இடம்தான் படகு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பாவிடம் ஒப்பிக்கச் சொல்வேன். அவரும் பயந்த மாணவன் மாதிரி ஒப்பிப்பார். "வலது பக்கம் திரும்பணும், ரெண்டு கதவு, படிக்கட்டு." ஒருமுறை கதவை மறந்துவிட்டார். நான் திட்டினேன். அம்மா போனைப் பிடுங்கி, "வேலைக்குப் போய்ட்டு வந்த மனுஷனப் பேஜார் பண்ணாத" என்றாள்.

இதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு மரியாதையான ஒரு ஆளாக இருந்திருப்பேன். ஆனால் வீட்டிலேயே இருக்கும் போனில் அந்தக் கப்பலின் பழைய புகைப்படங்களும் கிடைத்தன. தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்கள், சாய்வு நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்ட கிழவர்கள். ஆட்களை நான் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் இருப்பதை வரைபடத்தில் தேடினேன். இந்தக் கிழவர் உட்கார்ந்திருப்பது மூன்றாவது கதவுக்கு முன்னால். இந்தப் பெண் சாய்ந்திருப்பது இரண்டாவது காற்றுக்குழாயில். ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த, கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் உள்ளே வராது போல இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கப்பலைத் தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று அகப்பட்டது. மூக்கு எனக்கு வலது கைப் பக்கம் பார்த்திருந்தது. அப்படியென்றால் நான் பார்ப்பது கப்பலின் வலது பக்கம். அப்பா இருக்கும் பக்கம். ஆசையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடு அறை, அதற்குப் பிறகு ஒரு கதவு, இரண்டாவது கதவு, அதற்குப் பிறகு...

படிக்கட்டு இல்லை. அங்கே ஒரு பெரிய இரும்புப் பெட்டி நின்றது. பாதையையே அடைத்துக்கொண்டு, கூரை வரைக்கும்.

வேறு படம் தேடினேன். அதிலும் பெட்டி. இன்னொன்றிலும் பெட்டி. கண்ணைக் கட்டிக்கொண்டு அப்பாவை நான் வாரா வாரம் அனுப்பிக்கொண்டிருந்தது ஒரு இரும்புச் சுவரை நோக்கி.

சித்தப்பா வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"போட்டோவ திருப்பிப் போட்டுருப்பான்டா எவனாவது."

"இல்ல. மூக்குல பேரு எழுதிருக்குது பாரு. எழுத்து நேராதான் இருக்குது."

சித்தப்பா பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். தரையில் இருந்த வரைபடத்தின் நடுக்கோட்டில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஜோடி சேராத ஒரு பொருளைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு இல்ல போலக்குதே," என்றார். "இப்டிக்கூடவா செய்வானுங்க?"

"அப்பா செவுத்துல போய் இடிப்பாரு சித்தப்பா."

"டேய், அது கட்டிப் போட்ட கப்பலு..."

"ஓடிப்போகக்கூட முடியாது!" என்று அழ ஆரம்பித்தேன்.

வீட்டுப் போனிலிருந்தும் சித்தப்பாவின் போனிலிருந்தும் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினோம். 'வலது பக்கம் போகாதே. சுவர். படிக்கட்டு இல்லை.' ஒற்றை டிக் விழுந்தது. அப்பா வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனுக்கு நெட் போடுவார். செவ்வாய் முதல் வெள்ளி வரைக்கும் அந்த ஒற்றை டிக்கை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பெனியில் சித்தப்பாவும் பாத்ரூமுக்குப் போய்ப் போய்ப் பார்த்தாராம். இப்படி அடிக்கடி போவதைக் கண்டு சூப்பர்வைசர் சர்க்கரை வியாதியா என்று விசாரித்ததாகப் பிற்பாடு சொன்னார்.

இதற்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. அடித்த மழையில் பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஊருக்கே திருவிழா. பள்ளிக்கூடம் பாதியில் விட்டார்கள். எல்லாரும் பாலத்துக்கு ஓடினார்கள். ஐஸ் வண்டிக்காரர்கூட வந்துவிட்டார். சிலர் சூடம் ஏற்றினார்கள். அத்தை மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

பாலத்துக் கம்பி வழியாகக் கீழே பார்த்தேன். காவி நிறத்தில், நுரை பொங்க, வேலிமுள் மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு அது போனது. தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடையும் அதோடு சேர்ந்து போனது. அடி தெரியாத தண்ணீரை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். பாலம் நகர்கிற மாதிரி இருந்தது. கப்பல் மாதிரியே நகர்ந்தது. எல்லாரும் கை தட்டிச் சிரித்தார்கள். நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "இடது பக்கம், இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்தினேன்.

"இன்னாடா இடது பக்கம்?" என்றாள் அத்தை மகள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் அவள் முதுகையும் நனைத்தேன். அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா கூப்பிட்டார். உயிரோடுதான் இருந்தார். "இடது பக்கம் போய்க்கிறேன்டா, விடு" என்றார் சிரித்துக்கொண்டு. விட முடியுமா? வலது பக்க அறையிலிருந்து இடது பக்கம் போக வேண்டுமென்றால் நடுவில் கூடத்தைத் தாண்டணும். கூடத்தின் கதவு இப்போது திறக்குமா என்று யாருக்குத் தெரியும்? இனி பழைய படங்களை நம்புவதாக இல்லை.

"உன் ரூம் வாசல்ல நின்னு போட்டோ எடுத்து அனுப்புப்பா. ஜன்னலையும் எடு."

"இங்க போட்டோ எடுக்க விடமாட்டாங்கடா."

"அப்ப நான் தூங்க மாட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று படங்கள் வந்தன.

முதல் படத்தில் அப்பா மேல்தளத்தில் நின்றார், தலையில் மஞ்சள் தொப்பி. இளைத்திருந்தார். பின்னால் காற்றுக்குழாய், பலகை, பெஞ்சுக் கால்களின் ஆணி எல்லாம் வரைபடத்தோடு பொருந்தின. இரண்டாவது படம் கூடம், தோலை உரித்துவிட்ட நாற்காலிகள். அதுவும் பொருந்தியது. மூன்றாவது படத்தின் கீழே 'ரூம் ஜன்னல்' என்று எழுதியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் விரற்கடை அளவு நீலம். கடல்.

அதை நான் ஞாயிறு வரைக்கும் பார்த்தேன். வரைபடத்தின் ஜன்னல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஞாயிறு சாயங்காலம், அம்மா துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது, போனோடும் வரைபடத்தோடும் பின்பக்கம் போனேன். சித்தப்பா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா வேற கப்பல்ல இருக்காரு."

"இன்னாடா உளர்ற?"

"உளறல. பாரு. இந்தக் கப்பல்ல மேல இருக்கிற ஜன்னல் எல்லாத்துக்கும் மூலை வளைஞ்சு இருக்கும். பித்தளை. இது சதுரம். இழுத்து மூடுற அலுமினியம்."

"மாத்திருப்பாங்கடா," என்றார் சித்தப்பா.

"சரி. ஆனா ஜன்னலுக்கு வெளிய நடக்கற இடம் வரணும், அப்புறம் கைப்பிடிக் கம்பி, அப்புறம் படகு தொங்குற இரும்புக் கை. அதுங்களத் தாண்டித்தான் கடலு. இதுல ஒண்ணுமே இல்ல. அப்புறம் இங்க பாரு, கண்ணாடியில தெரியுது, கட்டில் மேல கட்டில். அந்தத் தளத்துல அந்த மாதிரி ரூமே கெடையாது."

"அடித்தளத்துல வேலைக்காரங்க ரூம் இருக்கும். அங்க அப்டித்தான் கட்டில்..."

"அடித்தளத்துல ஜன்னல் வட்டமா இருக்கும் சித்தப்பா!"

சித்தப்பாவின் கையில் ஈரச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. நான் வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி நின்றேன். என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா அசதியாக இருந்தால் எதில் ஏறுகிறோம் என்று பார்க்க மாட்டார். ஆற்காடு பஸ் என்று குடியாத்தம் பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டு, கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் எழுப்ப, வீட்டுக்குத் திரும்பி வந்தவர்தானே. பகலெல்லாம் சரியான கப்பலில் வேலை செய்கிறார். சாயங்காலமானால் பக்கத்தில் நிற்கும் வேறு ஏதோ கப்பலில் ஏறிப் படுத்துக்கொள்கிறார். அவருக்கு அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்தக் கப்பலுக்குப் படகு இருக்கிறதா, எந்தப் பக்கம் இருக்கிறது, எதுவும் தெரியாது. பிளானே கிடையாது.

இதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். சித்தப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த கட்டிலைப் பெரிதாக்கினாள். கட்டில் கம்பியில் கயிறு கட்டி வரிசையாக லுங்கிகள் காய்ந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"இவ்ளோ லுங்கில ஒண்ணுகூட அவரோடது இல்ல, தம்பி," என்றாள் சித்தப்பாவிடம்.

"விடுங்க அண்ணி."

"இது கப்பலே இல்லல்ல?"

"கப்பல்தாம்மா," என்றேன் நான் அவசரமாக. "வேற கப்பல்."

அம்மா என் தலையில் கை வைத்தாள். கை ஈரமாக இருந்தது. அப்படியே வைத்திருந்தாள்.

அப்பா தங்கியிருந்தது ஊருக்கு வெளியே, மணல்வெளியில், தகரக் கூரை போட்ட கொட்டகை வரிசையில். ஒரு அறையில் கட்டில் மேல் கட்டிலாக எத்தனை பேர் கொள்வார்களோ அத்தனை பேர். விடிவதற்குள் வண்டி வந்து கப்பலுக்குக் கொண்டுபோகும், இருட்டியபின் கொண்டுவந்து கொட்டும். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் அலமாரியில் இருந்தது. ஒப்பந்தம் முடியாமல் கேட்டாலும் கிடைக்காது. அப்பா முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்த பிறகும் எனக்கு இது எதையும் சொல்லவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் சித்தப்பாதான் சொன்னார். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா தப்பான கப்பலில் படுத்திருக்கிறார், அதை உடனே அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது மட்டுமே.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடித்ததும் நான் பாய்ந்தேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு எடுத்தாள். அவள் அப்படிச் செய்ததே இல்லை. எப்போதும் நான் ஒப்பிக்க வைத்து, சித்தப்பா பேசி, மிச்சமிருப்பதுதான் அவளுக்கு.

"சாப்ட்டீங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மெதுவாக, "உங்க ரூம்ல எத்தினி பேருங்க?" என்றாள்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. புடவையை இழுத்தேன். அவள் திரும்பாமலே போனைக் கீழே நீட்டினாள்.

"அப்பா! நீ வேற கப்பல்ல ஏறிட்ட. தெரியுமா?"

"தெரியும்டா," என்றார் அப்பா. "எப்டிடா கண்டுபுடிச்ச?"

ஜன்னல் மூலையைச் சொன்னேன். கைப்பிடிக் கம்பியைச் சொன்னேன். வட்ட ஜன்னலைச் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஆமாடா, ஆமாடா" என்றார். நான் கண்டுபிடித்துவிட்டேன், அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி ஆகவேண்டியதைப் பார்க்கலாம்.

"இப்ப நீதான் சொல்லணும்," என்றார் அப்பா. "இந்தக் கப்பல்லேந்து எப்டிடா வெளிய வர்றது?"

நான் யோசித்தேன். சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய் வேறு பக்கம் பார்த்து நின்றார். அம்மாவின் தோள் குலுங்கியது. அவள் பயப்படுகிறாள், பாவம், அவளுக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்:

"பிளான் இல்லாம எப்டிப்பா சொல்றது? கதவு எந்தப் பக்கம் இருக்குதுன்னு மட்டும் பாத்து சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."